போஸ்ட்மாஸ்டரும் அதன் பிள்ளைகளும்: ஒரு தரவுத்தள வழங்கியின் தாய்–சேய் உறவு வரலாறு

போஸ்ட்மாஸ்டர் என்பது போஸ்ட்கிரெஸ் என்னும் கட்டற்ற தரவுத்தள மென்பொருளின் தாய்ச் செயல்முறைக்கு வழங்கிவரும் பெயர் ஆகும். பெயரைக் கேட்டதும் நம்மூர்த் தபாலாபீஸ் நினைவுக்கு வரும். ஒப்புமை முழுக்கத் தவறும் அல்ல. அஞ்சலக அதிகாரி வீடு வீடாகப் போய்க் கடிதம் கொடுப்பதில்லை. அதற்குத் தபால்காரர்கள் உண்டு. அதேபோல் இந்தப் போஸ்ட்மாஸ்டரும் தரவைத் தேடுவதில்லை, எழுதுவதில்லை, கணக்குப் போடுவதில்லை. கதவருகே அமர்ந்து, வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சேய்ச் செயல்முறையைப் பெற்றுக் கொடுத்துவிட்டு, அடுத்தவருக்காகக் காத்திருக்கும். பிள்ளைகள் ஒழுங்காக இருக்கிறார்களா என்று கவனித்துக்கொள்ளும்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது, தற்காலிகமாகச் செய்த ஒரு முடிவு எப்படி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது, தாய்க்கும் சேய்க்கும் இடையே உள்ள விதிகள் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கின்றன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

செயல்முறை என்றால் என்ன

நிரல் வேறு, செயல்முறை வேறு. மாணவர்கள் பெரும்பாலும் குழம்பும் இடம் இது. ஒரே பாடநூலை வைத்துக்கொண்டு ஐந்து வகுப்புகளில் ஐந்து ஆசிரியர்கள் பாடம் நடத்துகிறார்கள் என்று கொள்வோம். நூல் ஒன்றுதான், நடக்கும் வகுப்புகள் ஐந்து. ஒரு வகுப்பில் மூன்றாம் பாடம் நடக்கும், இன்னொன்றில் ஏழாம் பாடம். ஒரு வகுப்புக் கரும்பலகையில் எழுதியது அடுத்த வகுப்புக்குத் தெரியாது. நூல்தான் நிரல், நடக்கும் வகுப்புதான் செயல்முறை. ஒவ்வொரு செயல்முறைக்கும் இயக்குதளம் ஓர் எண் தருகிறது, தனி நினைவகம் தருகிறது. ஒன்றின் நினைவகத்தை இன்னொன்று எட்டிப் பார்க்க முடியாது.

தரவுத்தள வழங்கிக்கு இது ஒரே நேரத்தில் நன்மையும் தொல்லையும் ஆகும். நூறு பேர் ஒரே வங்கிக் கணக்கேட்டில் எழுதும்போது, ஒருவரது வேலையில் வரும் பிழை மற்றவரைத் தொடக்கூடாது. ஆனால் நூறு பேரும் ஒரே ஏட்டைத்தான் பார்த்தாக வேண்டும். தனித்தனி அறையும் வேண்டும், நடுவில் பொதுக் கூடமும் வேண்டும். இதை எப்படிக் கட்டுவது என்பதுதான் இந்த வரலாறு முழுவதிலும் ஓடும் கேள்வி.

27 வரிகளில் பிறந்த வழக்கம்

ஒரு செயல்முறை தன்னைப்போலவே இன்னொன்றை உண்டாக்கும் செயலுக்கு யுனிக்ஸ் மரபில் ஃபோர்க் என்று பெயர். மரத்தில் கிளை பிரியும் கவட்டை நினைத்துக்கொள்ளலாம். கிளை பிரிந்த நொடியில் தாயும் சேயும் ஒரே இடத்தில், ஒரே நிலையில் நிற்கும். வேறுபாடு ஒன்றுதான்: ஃபோர்க் முடிந்ததும் தாய்க்குச் சேயின் எண் விடையாகக் கிடைக்கும், சேய்க்குச் சுழியம் கிடைக்கும். அதைக் கொண்டுதான் "நான் தாயா, பிள்ளையா" என்று நிரல் தெரிந்துகொள்கிறது.

கிளை பிரித்துப் பின் சேர்த்தல் என்ற கருத்தை 1963இல் மெல்வின் கான்வே ஒரு கட்டுரையில் எழுதினார். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உருவான ஜீனி என்னும் நேரப்பகிர்வு அமைப்பில் இத்தகைய வசதி இருந்தது. அங்கே படித்த கென் தாம்சன் பின்னர் பெல் ஆய்வகத்தில் பி.டி.பி-7 பொறியில் யுனிக்ஸைத் தொடங்கியபோது அதையே எடுத்துக்கொண்டார். அந்த முதல் யுனிக்ஸில் ஃபோர்க்கைச் சேர்க்கத் தேவைப்பட்டது வெறும் 27 வரி அசெம்பிளி நிரல்தான் என்று டென்னிஸ் ரிச்சி பதிவு செய்திருக்கிறார். செயல்முறையை வட்டுக்கு நகர்த்தும் வசதி ஏற்கெனவே இருந்தது. நகர்த்திய பிரதியைப் புதிய பிள்ளையாகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டால் வேலை முடிந்தது. எளிதாக இருந்ததால்தான் அது அப்படி அமைந்தது.

பெர்க்லியில் தோன்றிய ஒரு கருத்து நியூஜெர்சிக்குப் போய், யுனிக்ஸ் வடிவில் மீண்டும் பெர்க்லிக்கே வந்தது. அங்கே அதைக் கையில் எடுத்தவர்கள் தரவுத்தள ஆய்வாளர்கள்.

இங்ரெஸ்: இடநெருக்கடியில் உருவான குடும்பம்

1973 அளவில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வோங்கும் பெர்க்லியில் இங்ரெஸ் என்னும் தொடர்புசார் தரவுத்தளத்தை உருவாக்கத் தொடங்கினர். அவர்களிடம் இருந்த பொறி பி.டி.பி-11. அதில் ஒரு செயல்முறை தொடக்கூடிய நினைவகம் 64 கிலோபைட் மட்டுமே. இன்று ஒரு சிறு ஒளிப்படம்கூட அதற்குள் அடங்காது. முழுத் தரவுத்தள நிரலும் அதற்குள் எப்படி அடங்கும்?

எனவே நிரலை நான்காகப் பிரித்தார்கள். முதலாவது பயனரின் முனையத்தோடு பேசும். இரண்டாவது வினவலைப் படித்து அலசும். மூன்றாவது அதைச் சிறு துண்டுகளாக உடைத்து நிறைவேற்றும். நான்காவது அட்டவணை உருவாக்குதல் போன்ற பொதுப் பணிகளைப் பார்க்கும். நான்கும் யுனிக்ஸ் குழாய்களால் வரிசையாக இணைக்கப்பட்டிருந்தன. கட்டளை முதலிலிருந்து நான்காவதை நோக்கிப் போகும். விடையும் பிழைச் செய்தியும் எதிர்த்திசையில் திரும்பி வரும்.

ஒவ்வொரு பயனருக்கும் இப்படி ஒரு தொகுதி செயல்முறைகள் தேவைப்பட்டன. பயனர்கள் கூடினால் செயல்முறைகள் மடங்காகப் பெருகும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதே பொறிக்குப் பெரும் சுமை. 1981இல் ஸ்டோன்பிரேக்கர் எழுதிய ஒரு கட்டுரையில் இதைப் பற்றிய மனக்குறை தெளிவாகத் தெரிகிறது. இயக்குதளங்கள் தரும் செயல்முறை, கோப்பு, நினைவக வசதிகள் தரவுத்தளத்துக்குப் பொருந்தி வருவதில்லை என்பதே அதன் சாரம். ஒரு பயனருக்கு ஒரு செயல்முறை என்ற முறை செலவு மிக்கது என்பதும் அவர் சுட்டிய குறைகளில் ஒன்று.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போவோம். ஏனெனில் ஐந்தாண்டுகள் கழித்து அதே மனிதர் அதே முறையைத்தான் தேர்ந்தெடுத்தார்.

தற்காலிகம் என்று சொல்லித் தொடங்கியது

இங்ரெஸுக்குப் பின்வந்தது என்ற பொருளில் பெயர் பெற்ற போஸ்ட்கிரெஸ் திட்டம் 1986இல் ஸ்டோன்பிரேக்கர், லாரன்ஸ் ரோ ஆகியோரின் தலைமையில் தொடங்கியது. 1987இல் செய்து காட்டும் அளவுக்கு அது இயங்கியது. 1989 ஜூனில் முதல் பதிப்பு வெளியார் சிலருக்குத் தரப்பட்டது.

1990இல் அக்குழு தன் பணியை விவரித்து எழுதிய ஆய்வுக்கட்டுரையில் ஒரு செய்தி இருக்கிறது. செயல்படும் பயனர் ஒவ்வொருவருக்கும் ஒரு செயல்முறை என்ற வகையில் போஸ்ட்கிரெஸ் ஓடுகிறது என்றும், அமைப்பை விரைவில் இயங்கச் செய்யும் பொருட்டே அப்படிச் செய்ததாகவும், பின்னர் இலகுவான செயல்முறைகளுக்கு, அதாவது இன்று நாம் இழை என்று சொல்வதற்கு, மாற்ற எண்ணியிருப்பதாகவும் அதில் கூறுகிறார்கள். அந்த மாற்றம் நடக்கவே இல்லை. குறையை நன்கு அறிந்தவரே, பிற்பாடு சரிசெய்துகொள்ளலாம் என்று வைத்த ஏற்பாடு, அவர் திட்டத்தை விட்டுப் போன பிறகும் அப்படியே நின்றுவிட்டது. பள்ளியில் தற்காலிக ஏற்பாடு என்று கூரை வேய்ந்த கொட்டகையில் இருபது ஆண்டு பாடம் நடத்தியவர்களுக்கு இதில் வியப்பு இராது.

பெர்க்லியின் பணி 4.2ஆம் பதிப்போடு நின்றது. 1994இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்னும் இரு மாணவர்கள் அதில் எஸ்.கியூ.எல். மொழியைச் சேர்த்துப் போஸ்ட்கிரெஸ்95 என வெளியிட்டனர். 1996இல் உலகெங்கும் பரவியிருந்த தன்னார்வலர்கள் அதைக் கையேற்று, இன்றுள்ள போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற பெயரை வைத்தார்கள். இக்கட்டுரையில் சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ் என்றே குறிப்பிடப்படுகிறது. நிரலின் பெரும்பகுதி மாறியது. போஸ்ட்மாஸ்டரும் அதன் பிள்ளைகளும் மாறவில்லை.

தாய் செய்வதும் செய்யாததும்

வழங்கியைத் தொடங்கும்போது முதலில் எழுவது போஸ்ட்மாஸ்டர். அது அமைவுக் கோப்புகளைப் படிக்கிறது. பகிர் நினைவகம் என்னும் பொதுக் கூடத்தை அமைக்கிறது. வழக்கமாக 5432 என்ற எண் கொண்ட போர்ட்டில் காது கொடுத்துக் காத்திருக்கிறது. ஓர் இணைப்பு வந்ததும் ஃபோர்க் செய்கிறது. பிறந்த சேய் அந்த இணைப்பைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். தாய் அதை விட்டுவிட்டுக் கதவருகே திரும்பிவிடும். அதற்குப் பிறகு அந்தப் பயனர் அனுப்பும் வினவல் ஒன்றுகூடத் தாயின் காதில் விழாது.

"எல்லா வினவலும் தாய் வழியாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும்" என்று விடைத்தாளில் எழுதிய மாணவர்கள் உண்டு. அது தவறு. சேய் பிறந்தபின் பயனருக்கும் சேய்க்கும் நேரடிப் பேச்சுதான்.

முற்பட்ட பதிப்புகளில் கடவுச்சொல் சரிபார்ப்பைத் தாயே செய்துவந்தது. வருகிற ஒருவர் விடை சொல்லாமல் இழுத்தடித்தால் தாயின் கவனம் அவரிடம் சிக்கும். பின்னர் அந்த வேலையும் பிள்ளைக்கே மாற்றப்பட்டது. இப்போது முதலில் ஃபோர்க், பிறகுதான் "நீ யார்" என்ற கேள்வி. தாயிடமிருந்து வேலைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிள்ளைகளிடம் கொடுப்பதே போஸ்ட்கிரெஸ் வரலாற்றில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

இதற்குக் காரணம் உண்டு. பொதுக் கூடத்தைக் கட்டியது தாய்தான். ஆனால் கட்டி முடித்தபின் அது உள்ளே காலெடுத்து வைப்பதை இயன்ற வரை தவிர்க்கிறது. கூடத்தில் பல பூட்டுகள் இருக்கின்றன. ஒரு பக்கத்தை ஒரு சேய் திருத்தும்போது மற்றவர் குறுக்கிடாமல் இருக்க அந்தப் பூட்டு. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு சேய் இறந்துபோனால், அதற்காகக் காத்திருப்பவர்கள் எல்லோரும் நின்றுவிடுவார்கள். அந்தக் காத்திருப்போரில் தாயும் ஒருத்தியாக இருந்தால் வீட்டைச் சீர்செய்ய யாரும் மிஞ்சமாட்டார்கள். ஆகவே தாய் வரிசையில் நிற்பதே இல்லை.

ஒரு பிள்ளை விழுந்தால்

சேய்ச் செயல்முறைக்கு நேரும் துன்பங்கள் மூவகை. வினவலில் பிழை என்றால் அந்தப் பரிவர்த்தனை மட்டும் கைவிடப்படும். சேய் உயிரோடு இருக்கும். அதைவிடக் கடுமையானது என்றால் அந்தச் சேய் முறையாகத் தன் பொருட்களை ஒழுங்குபடுத்திவிட்டு விலகும்; மற்றவர்களுக்குப் பாதிப்பு இல்லை. மூன்றாவதுதான் ஆபத்தானது. நினைவகப் பிழையாலோ வெளியிலிருந்து வந்த சைகையாலோ சேய் சட்டென்று சாய்ந்துவிடுகிறது.

பிள்ளை இறந்த செய்தியை இயக்குதளம் ஒரு சைகை மூலம் தாய்க்குத் தெரிவிக்கும். எப்படி இறந்தது என்பதையும் தாய் கேட்டுத் தெரிந்துகொள்ளும். இயல்பான முடிவு என்றால் பட்டியலிலிருந்து பெயரை நீக்குவதோடு சரி. அகால முடிவு என்றால், போஸ்ட்மாஸ்டர் மற்ற எல்லாப் பிள்ளைகளையும் உடனே வெளியேறச் சொல்கிறது. இறந்தவன் செய்த தவறுக்கு இருப்பவர்களுக்கு ஏன் தண்டனை என்று கேட்கத் தோன்றும்.

இறந்த சேய் கடைசி நொடியில் பொதுக் கூடத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு பக்கத்தைப் பாதி திருத்தியிருக்கலாம். அந்தப் பாதிப் பக்கத்தை இன்னொரு சேய் படித்து, உண்மை என்று நம்பி, வட்டில் எழுதிவிட்டால் தரவு நிலையாகக் கெட்டுவிடும். ஐயத்துக்கிடமான கூடத்தை வைத்திருப்பதைவிட இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது மேல். எல்லோரும் வெளியேறியபின் தாய் பகிர் நினைவகத்தைப் புதிதாக அமைக்கிறது. மீட்புப் பணிக்கென ஒரு பிள்ளையைப் பெறுகிறது. அந்தப் பிள்ளை, முன்கூட்டி எழுதப்படும் பதிவேட்டைக் கடைசிச் சோதனைப் புள்ளியிலிருந்து படித்து, உறுதி செய்யப்பட்ட மாற்றங்களை மீண்டும் நிகழ்த்துகிறது. முடிந்ததும் கதவு மறுபடி திறக்கும். இந்தப் பதிவேடு 2001இல் வந்த 7.1ஆம் பதிப்பில் சேர்ந்தது.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு நூலகத்தின் நூற்பட்டியலைக் கணினியில் ஏற்றும் பணியில் சில மாதம் உதவினேன். ஐந்து மேசைகளில் ஐந்து பேர் பதிந்துகொண்டிருந்தோம். ஒருவருடைய திரை நின்றுவிட்டது. உதவிக்கு வந்த இளைஞர், கெட்டிக்காரர்தான், சிக்கிக்கொண்ட செயல்முறையின் எண்ணைப் பார்த்து "கில் -9" என்று தட்டினார். அது செயல்முறைக்கு மூச்சுவிட நேரம் தராமல் முடித்துவிடும் கட்டளை. அடுத்த நொடி ஐந்து மேசைகளிலும் இணைப்பு அறுந்தது. நான் பாதி எழுதிவைத்திருந்த பதிவுகளும் போயின. பதிவேட்டில், வேறொரு வழங்கிச் செயல்முறை முறிந்ததால் இணைப்பு துண்டிக்கப்படுகிறது என்ற பொருள்பட வரிகள் வரிசையாக இருந்தன. ஏதோ பெரிய பழுது என்று எல்லோரும் பயந்தார்கள். உண்மையில் வழங்கி தன் விதிப்படி சரியாகவே நடந்துகொண்டது. உறுதி செய்த பதிவு ஒன்றும் தொலையவில்லை. நிறுத்த வேண்டிய வினவலை மென்மையாக நிறுத்தத் தரவுத்தளத்திலேயே கட்டளை இருக்கிறது; அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

அந்த மென்மையான வழியும் சுவையானது. ஓடிக்கொண்டிருக்கும் வினவலை நிறுத்த விரும்பும் பயனர்நிரல் புதிதாக இன்னோர் இணைப்பைத் திறந்து, தனக்குரிய சேயின் எண்ணையும், முன்பே தரப்பட்ட ஒரு மறைச்சொல்லையும் சொல்கிறது. அந்தப் புதிய இணைப்புக்கும் வழக்கம்போல் ஒரு சேய் பிறக்கிறது. மறைச்சொல் பொருந்தினால் அந்தச் சேய் தன் உடன்பிறப்புக்கு ஒரு சைகை அனுப்பிவிட்டு மறைந்துவிடும். அதன் ஆயுள் அவ்வளவுதான்.

தாய் போய்விட்டால்

சேய் இறப்பதைவிடச் சிக்கலானது தாய் இறப்பது. தாய் போனாலும் யுனிக்ஸில் பிள்ளைகள் தாமாகச் சாவதில்லை; அநாதையாகத் தொடர்ந்து ஓடும். அவை பொதுக் கூடத்திலும் கோப்புகளிலும் வேலை செய்துகொண்டே இருக்கும். இந்த நேரத்தில் நிர்வாகி, வழங்கி நின்றுவிட்டது என்று எண்ணிப் புதிய போஸ்ட்மாஸ்டரைத் தொடங்கினால் என்ன ஆகும்? புதிய தாய் புதிய கூடம் கட்டும். பழைய பிள்ளைகள் பழைய கூடத்தைப் பார்த்து எழுதும். புதிய பிள்ளைகள் புதியதைப் பார்த்து எழுதும். கோப்புகள் மட்டும் ஒன்று. இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரே ஏட்டைக் கிறுக்கித் தள்ளிவிடும்.

இதைத் தடுக்க இரண்டு காவல்கள் உள்ளன. முதலாவது, தரவு அடைவில் தாய் எழுதிவைக்கும் போஸ்ட்மாஸ்டர்.பிஐடி என்னும் சிறு கோப்பு. அதில் தாயின் எண்ணும் பகிர் நினைவகத்தின் அடையாளமும் இருக்கும். புதிய தாய் எழும்போது அந்தப் பழைய நினைவகத்தில் இன்னும் யாராவது ஒட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று இயக்குதளத்திடம் கேட்கும். ஒருவர் இருந்தாலும் தொடங்க மறுத்துவிடும். 2013இல் வந்த 9.3ஆம் பதிப்பில் நினைவகம் ஒதுக்கும் முறையே மாற்றப்பட்டது. ஆனாலும் பழைய முறையில் ஒரு சிறு துண்டு மட்டும் இன்றும் ஒதுக்கப்படுகிறது. ஒட்டிக்கொண்டிருப்போரை எண்ணும் வசதி அந்தப் பழைய முறையில் மட்டுமே இருப்பதுதான் காரணம்.

இரண்டாவது காவல் ஒரு குழாய். தொடக்கத்திலேயே தாய் ஒரு குழாயைத் திறந்து, எழுதும் முனையைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. பிள்ளைகள் பிறந்தவுடன் எழுதும் முனையை மூடிவிட்டுப் படிக்கும் முனையை மட்டும் பிடித்துக்கொள்கின்றன. அந்தக் குழாயில் யாரும் எதையும் எழுதுவதே இல்லை. தாய் எப்படி இறந்தாலும் இயக்குதளம் அதன் முனையை மூடும்; மறுமுனையில் பிள்ளைகளுக்குக் குழாய் முடிந்தது என்று தெரியவரும். உடனே அவை வெளியேறும். ஒன்றும் சொல்லாத ஒரு குழாயின் மூலம் மரணச் செய்தி போகிறது. இந்த மென்பொருளில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுவே.

தொடங்க மறுக்கிறதே என்று எரிச்சல்பட்டு அந்தப் பிஐடி கோப்பை அழித்துவிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அழித்தால் முதல் காவல் போய்விடும். கோப்பை அழிக்காமல், மிச்சமிருக்கும் பிள்ளைகளைத் தேடி முறையாக நிறுத்துவதே சரியான வழி.

லினக்ஸில் இன்னொரு வகைத் தொல்லையும் இருந்தது. நினைவகம் தீர்ந்துபோனால் ஏதாவது ஒரு செயல்முறையைக் கொன்று இடம் பிடிப்பது அந்த இயக்குதளத்தின் வழக்கம். யாரைக் கொல்வது என்று மதிப்பெண் போடும்போது, பழைய லினக்ஸ் கருக்களில் பிள்ளைகள் பயன்படுத்தும் நினைவகத்தில் ஒரு பங்கு தாயின் கணக்கிலும் சேர்க்கப்பட்டது. பிள்ளைகள் நிறைய உள்ள போஸ்ட்மாஸ்டர் மதிப்பெண் பட்டியலில் முதலிடம் பிடித்துப் பலியாகும். அது ஒன்றுமே தின்னாதிருந்தாலும்! பிறகு அந்தக் கணக்கு முறை மாற்றப்பட்டது. தாய்க்கு மட்டும் விலக்கு அளித்து, பிள்ளைகளுக்கு அந்த விலக்கை நீக்கும் அமைவும் போஸ்ட்கிரெஸ் ஆவணங்களில் விளக்கப்பட்டுள்ளது.

பேரப்பிள்ளைகள் இல்லாத குடும்பம்

காலப்போக்கில் பயனர்களோடு பேசாத பணியாள் செயல்முறைகளும் பெருகின. 2005 ஜனவரியில் வந்த 8.0ஆம் பதிப்பில் பின்னணியில் பக்கங்களை வட்டில் எழுதும் செயல்முறை வந்தது. அதே ஆண்டு இறுதியில் 8.1இல் பழைய பதிவுகளைத் துப்புரவு செய்யும் தானியங்கி வழங்கிக்குள் சேர்ந்தது. 2010இல் வந்த 9.0இல் நகல் வழங்கிகளுக்குப் பதிவேட்டை அனுப்பவும் பெறவும் தனித்தனிச் செயல்முறைகள். 9.2இல் சோதனைப் புள்ளி வேலை தனியாகப் பிரிந்தது. 9.3இல் யார் வேண்டுமானாலும் தம் தேவைக்கேற்பப் பணியாள் செயல்முறை எழுதிச் சேர்க்க வழி பிறந்தது.

2016இல் வந்த 9.6ஆம் பதிப்பு ஒரே வினவலைப் பலர் பகிர்ந்து செய்யும் வசதியைத் தந்தது. ஒரு பெரிய அட்டவணையை முழுக்கப் படிக்க வேண்டுமானால் ஒரு சேய் தலைமை ஏற்றுச் சில பணியாளர்களைத் துணைக்கு அழைக்கும். இங்கே அந்தத் தலைமைச் சேய் தானே ஃபோர்க் செய்து பணியாளர்களைப் பெற்றுக்கொள்ளும் என்று நினைப்பது இயல்பு. அப்படிச் செய்வதில்லை. தனக்கு ஆள் தேவை என்று பொதுக் கூடத்தில் ஒரு கட்டத்தில் எழுதிவைத்துவிட்டுத் தாய்க்குச் சைகை காட்டும். தாய் வந்து அந்தக் கட்டத்தைப் பார்த்து, வேண்டிய ஆட்களைத் தானே பெற்றுத் தரும். துப்புரவுச் செயல்முறையின் ஏவலரும் இப்படியே தாயிடம் கேட்டுத்தான் ஆள் பெறுகிறது.

ஆக, வேலை வாங்குபவரும் வேலை செய்பவரும் உடன்பிறப்புகள், தாய்–சேய் அல்லர். பகிர் நினைவகத்தில் கைவைக்கும் எவரும் போஸ்ட்மாஸ்டரின் நேர்ப் பிள்ளையாகவே இருக்க வேண்டும் என்பது இதன் உட்கருத்து. யுனிக்ஸ் மரபில் பிள்ளையின் மரணச் செய்தி பெற்றவருக்கு மட்டுமே போகும். பேரப்பிள்ளை ஒன்று பூட்டோடு இறந்தால் பாட்டிக்கு அது தெரியவராது. முன் சொன்ன பாதுகாப்பு ஏற்பாடு அத்தனையும் அப்போது வீணாகும்.

விண்டோஸுக்குப் போனபோது

விண்டோஸில் ஃபோர்க் என்பதே இல்லை. 8.0ஆம் பதிப்பு விண்டோஸில் நேரடியாக ஓட வந்தபோது இதற்கு ஒரு வழி காண வேண்டியிருந்தது. அங்கே சேய் தாயின் பிரதியாகப் பிறப்பதில்லை. புத்தம் புதிதாகத் தொடங்கப்படுகிறது. தாய்க்குத் தெரிந்தவற்றில் தேவையானதை மட்டும் ஒரு கட்டாகக் கட்டிப் புதியவரிடம் கொடுக்க வேண்டும். இதனால் விண்டோஸில் ஓர் இணைப்பைத் தொடங்க ஆகும் செலவு அதிகம்.

இழைகளுக்கு மாறலாமா

செலவு யுனிக்ஸிலும் இல்லாமல் இல்லை. இணைப்பு ஒன்றுக்கு ஒரு செயல்முறை என்றால் ஆயிரம் இணைப்புக்கு ஆயிரம் செயல்முறை. இயல்பமைவில் 100 இணைப்புகளுக்குத்தான் இடம். வலைத்தளங்கள் பெருகியபோது இது போதவில்லை. நடுவில் நின்று சில இணைப்புகளைப் பலருக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் இடைநிலை மென்பொருட்கள் தோன்றின. ஸ்கைப் நிறுவனத்தில் உருவாகி 2007இல் வெளிவந்த பிஜிபவுன்சர் அவற்றுள் பெயர் பெற்றது. 2021இல் 14ஆம் பதிப்பில் ஆண்டிரஸ் ஃபிராயிண்ட் செய்த திருத்தங்களால், வேலையின்றிக் காத்திருக்கும் இணைப்புகள் மற்றவர்களைத் தாமதப்படுத்துவது வெகுவாகக் குறைந்தது.

மற்றத் தரவுத்தளங்கள் வேறு வழி சென்றன. மைஎஸ்கியூஎல் தொடக்கம் முதலே ஒரே செயல்முறைக்குள் இணைப்புக்கு ஓர் இழை என்று ஓடுகிறது. இழைகள் ஒரே வீட்டில் குடியிருப்பவை. பிறப்பது எளிது, பேசிக்கொள்வது எளிது. ஒன்று தீயிட்டால் வீடு முழுவதும் எரியும். ஆரக்கிள் யுனிக்ஸில் செயல்முறைகளாகவும் விண்டோஸில் இழைகளாகவும் ஓடிவந்தது. அங்கே இறந்த செயல்முறையின் மிச்சங்களை அப்புறப்படுத்துவதற்கென்றே பின்னணியில் ஒரு செயல்முறை உண்டு.

2023 ஜூனில் போஸ்ட்கிரெஸின் மூத்த நிரலர்களுள் ஒருவரான ஹெய்க்கி லின்னகங்கஸ், இழைகளுக்கு மாறுவதைப் பற்றிச் சக நிரலர்களிடம் வெளிப்படையாகப் பேச்சைத் தொடங்கினார். ஆதரித்தவர்களும் இருந்தனர், தயங்கியவர்களும் இருந்தனர். தயக்கத்துக்குக் காரணம் சோம்பல் அல்ல. தனிச் செயல்முறை என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட பொது மாறிகள் நிரல் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. ஒவ்வொரு செயல்முறையிலும் தனித்தனியாக இருந்தவை, இழைகளாக மாறினால் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். அவை ஒவ்வொன்றையும் தேடிப் பிரிக்க வேண்டும். வெளியார் எழுதிய நீட்சிகளையும் திருத்த வேண்டும். என் எண்ணத்தில், மாறினால் வேகம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் இதுவரை இயக்குதளமே கட்டிக்கொடுத்த சுவர்களை இனி நிரலர்களே கட்ட வேண்டியிருக்கும். அது எளிய வேலை அல்ல.

இதற்கிடையில் குடும்பத்தில் வரவும் செலவும் தொடர்கின்றன. புள்ளிவிவரம் சேர்த்துவந்த செயல்முறை 2022இல் 15ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. அந்தக் கணக்கு இப்போது நேராகப் பகிர் நினைவகத்திலேயே வைக்கப்படுகிறது. 2025இல் வந்த 18ஆம் பதிப்பில் வட்டிலிருந்து படிக்கும் வேலையைச் செய்யப் புதிய பணியாளர்கள் சேர்ந்துள்ளனர், இயல்பமைவில் மூவர். மாணவர்கள் லினக்ஸ் கணினியில் போஸ்ட்கிரெஸை நிறுவி, செயல்முறைகளைக் கிளைவடிவில் காட்டும் கட்டளையைத் தட்டினால் இவர்கள் எல்லோரையும் ஒரே தாயின் கீழ் வரிசையாகக் காணலாம். ஒவ்வொரு சேயும் தான் யாருக்காக, எந்தத் தரவுத்தளத்தில், என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைத் தன் பெயரிலேயே எழுதி வைத்திருக்கும்.

போஸ்ட்மாஸ்டர் என்ற பெயரில் வழங்கியைத் தொடங்குவதற்கு இருந்த இணைப்புக் கோப்பு 2023இல் 16ஆம் பதிப்பில் கைவிடப்பட்டது. இப்போது தாய்க்கும் சேய்க்கும் நிரலின் பெயர் ஒன்றே. தரவு அடைவில் உள்ள பிஐடி கோப்பில் பழைய பெயர் இன்னும் இருக்கிறது. அதன் முதல் வரி, ஓடிக்கொண்டிருக்கும் தாயின் எண்.